கூத்துப் பதிவுகளுக்கு ஃபைல் பெயர் வைப்பது எப்படி?

கேள்வி இதுதான். பாலக்கோடு பக்கம் நண்பர்கள் சிலர் சேர்ந்து, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் நடக்கும் தெருக்கூத்தை விடிய விடியப் பதிவு செய்கிறார்கள். கேமரா இரண்டு, ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, கூடவே போன்கள். ஹார்டு டிஸ்க் நிறைந்துவிட்டது. எந்த ஃபைல் எந்த ஊர், எந்தக் கதை என்று திறந்து பார்த்தால்தான் தெரிகிறது. இணையத்தில் படங்களை வெளியிடும் குழுக்கள் புள்ளி புள்ளியாக நீளமாகப் பெயர் வைக்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம், அதே முறையை நாங்களும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைத்துக்கொள்ளலாம், ஆனால் பாதியைத்தான். எது அந்தப் பாதி என்று தெரிய, முதலில் அந்தப் பெயரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் குழுக்களின் பெயரில் வரிசை பெரும்பாலும் மாறாது. முதலில் படத்தின் பெயர், பிறகு ஆண்டு, பிறகு படத்தின் அளவு (1080பி, 2160பி), பிறகு எங்கிருந்து எடுத்தது, பிறகு ஒலியும் வீடியோவும் எந்த முறையில் சுருக்கப்பட்டன என்பது, கடைசியாக ஒரு சிறுகோடு போட்டுக் குழுவின் பெயர். எங்கிருந்து எடுத்தது என்பதில் நுணுக்கம் உண்டு. ப்ளூரே என்றால் தட்டிலிருந்து எடுத்தது. வெப்-டிஎல் என்றால் ஸ்ட்ரீமிங் தளம் அனுப்பிய வீடியோவை மறுபடி சுருக்காமல் அப்படியே எடுத்தது. வெப்ரிப் என்றால் இடையில் மறுபடி ஒருமுறை சுருக்கப்பட்டது, அதனால் தரம் ஒரு படி கீழே. அந்த ஒரு சொல்லைப் பார்த்தாலே தெரிந்தவர்களுக்குத் தரம் புரிந்துவிடும்.

இடைவெளிக்குப் பதில் புள்ளி வைப்பது, ஃபைல்களை அனுப்பி வாங்கப் பயன்பட்ட பழைய எஃப்டிபி சர்வர் காலத்துப் பழக்கம். கட்டளை தட்டி வேலை செய்யும் இடத்தில் நடுவில் இடைவெளி வந்தால் ஒரு பெயர் இரண்டு பெயராக உடையும். அதனால் ஆங்கில எழுத்து, எண், புள்ளி, சிறுகோடு, அடிக்கோடு தவிர வேறு எதுவும் கூடாது என்று விதி போட்டுக்கொண்டார்கள்.

திருத்தங்களுக்கும் அவர்களிடம் சொற்கள் உண்டு. ஒரு குழு வெளியிட்டதில் கோளாறு இருந்து இன்னொரு குழு சரியாக வெளியிட்டால் பெயரில் ‘ப்ராப்பர்’ சேரும். தான் வெளியிட்டதைத் தானே திருத்தினால் ‘ரீபேக்’. வழக்கமான விதிக்கு வெளியே, தங்கள் குழுவின் கணக்கில் வெளியிடுவது ‘இன்டர்னல்’. வீடியோவோடு என்எஃப்ஓ என்ற சிறு எழுத்து ஃபைலும், ஃபைல் கெடாமல் வந்ததா என்று பார்க்க எஸ்எஃப்வி என்ற சரிபார்ப்பு ஃபைலும் போகும். ஜப்பானிய அனிமேஷனுக்குச் சப்டைட்டில் போடும் ரசிகர் குழுக்கள் அந்தச் சரிபார்ப்பு எண்ணை, எட்டு இலக்கத்தில், ஃபைல் பெயரிலேயே சதுர அடைப்புக்குள் வைப்பார்கள். திருத்திய பதிப்பு என்றால் பாகத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் வி2 என்று ஒட்டுவார்கள்.

சினிமா வெளியிடும் குழுக்கள் செய்வது அடுத்தவர் உழைப்பை அனுமதியில்லாமல் பரப்புவது. அந்த வேலையில் நமக்கு எதுவும் வேண்டாம். பெயர் வைக்கும் ஒழுங்கு மட்டும் போதும். உங்கள் வேலைக்கு உண்மையிலேயே முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் வேறு ஆட்கள்: கச்சேரியை அனுமதியோடு பதிவு செய்து காசு வாங்காமல் பகிரும் அமெரிக்க ரசிகர்கள். கிரேட்ஃபுல் டெட் என்ற இசைக்குழு தன் கச்சேரிகளைப் பதிவு செய்ய ரசிகர்களை அனுமதித்தது. 1984 முதல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. இப்படிப்பட்ட ரசிகர்கள் 1998-ல் ஈட்ரீ என்ற இணையக் குழுவைத் தொடங்கியபோது பெயருக்கு ஒரு முறை வகுத்தார்கள். இசைக்குழுவின் இரண்டு மூன்றெழுத்துச் சுருக்கம், ஆண்டு-மாதம்-நாள், எந்தத் தட்டு, எத்தனையாவது பாட்டு. ஜிடி77-05-08டி1டி01 என்றால் அந்தக் குழு, 1977 மே 8 கச்சேரி, முதல் தட்டு, முதல் பாட்டு. கூடவே ஓர் எழுத்து ஃபைல் கண்டிப்பாக இருக்கும். எந்த மைக், அது எதில் நுழைந்தது, எந்தக் கருவியில் பதிவானது, கணினிக்கு எப்படி வந்தது என்று அதில் ஒரு வரியில் சங்கிலியாக எழுதுவார்கள். தரம் குறைத்த எம்பி3-யை அந்த வட்டத்துக்குள் விடமாட்டார்கள். ஓர் இரவு, ஓர் ஊர், ஒரு குழு, நேரடி நிகழ்ச்சி: கூத்துக்கு இது அப்படியே பொருந்தும்.

இனி உங்கள் பெயர். நான் பரிந்துரைக்கும் அமைப்பு இது:

20250517_29_பாலக்கோடு_கர்ணமோட்சம்_கே1_003_அசல்-கூப

படிக்க வசதியாகத் தமிழில் எழுதிக் காட்டியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தும் எண்ணும் மட்டும் பயன்படுத்துங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஏழு பகுதிகள், அவற்றுக்கு நடுவில் அடிக்கோடு, கடைசியில் ஒரே ஒரு சிறுகோடு, அதன்பின் உங்கள் குழுவின் குறி. சிறுகோட்டை வேறெங்கும் போடாதீர்கள். பகுதிகளின் எண்ணிக்கை எப்போதும் ஏழாகவே இருந்தால், ஃபைல் பட்டியலை எக்செலில் ஒட்டி அடிக்கோட்டில் பிரித்தால் ஏழு பத்திகளாக வந்து நிற்கும். ஊர்வாரியாகவும் கதைவாரியாகவும் ஒரு நிமிடத்தில் பிரித்துவிடலாம். ஒரு ஃபைலில் பகுதி கூடினாலோ குறைந்தாலோ அந்த வரி பூராவும் நகர்ந்துபோகும்.

தேதி எட்டு இலக்கம், ஆண்டு முதலில். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்து 17-ஆம் தேதியும் ஒன்றாகக் கூடிவிடும். இதில் கூத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சனிக்கிழமை இரவு 10 மணிக்குத் தொடங்கும் கூத்து ஞாயிறு காலை 6 மணிக்கு முடியும். கேமரா 12 மணிக்குத் தேதியை மாற்றிவிடும், ஒரே கூத்து இரண்டு நாளாகப் பிளந்துபோகும். அதனால் கூத்து தொடங்கிய மாலையின் தேதிதான் எல்லா ஃபைலுக்கும் தேதி என்று முடிவு செய்யுங்கள். விடியற்காலை 5 மணிக்குப் பதிவான காட்சிக்கும் அதே தேதி. 18 நாள் பாரதம் நடக்கும் ஊரில் இந்த விதி இல்லாவிட்டால் எந்த இரவு எந்தக் கதை என்று கடைசியில் யாருக்கும் சொல்லத் தெரியாது. பகலில் நடக்கும் துரியோதனன் படுகளத்தில் இந்தக் குழப்பம் இல்லை. அந்த நாளின் தேதியே போடலாம்.

மாவட்டத்துக்கு வண்டி எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தருமபுரி 29, கிருஷ்ணகிரி 24, ஓசூர் பக்கம் 70. நம் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, இரண்டே இலக்கம். ஊர்ப் பெயரில்தான் கவனம் வேண்டும். கொட்டாய், புதூர், பள்ளி, பட்டி என்று முடியும் ஊர்கள் இரண்டு மாவட்டத்திலும் ஏராளம். ‘புதூர்’ என்று மட்டும் எழுதினால் எந்தப் புதூர் என்று தெரியாது. பக்கத்துப் பெரிய ஊரை முன்னால் ஒட்டிவிடுங்கள்: காரிமங்கலம்புதூர், ஊத்தங்கரைபுதூர். ஒருமுறை ஒட்டிய பெயரை ஒரு பட்டியலில் எழுதிவைத்து, அடுத்த முறை அதிலிருந்து மட்டுமே எடுங்கள். ஆங்கில எழுத்தில் தருமபுரியை எச் போட்டும் போடாமலும் எழுதுகிறோம். பென்னாகரத்துக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் புழங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். கூத்து என்பதை ஒருவர் இரண்டு ஓ போட்டும் இன்னொருவர் ஒரு யூ போட்டும் எழுதுவார். ஒரு யூ போட்டதைப் படிப்பவர் குத்துப் பாட்டு என்று நினைப்பார். எது சரி என்ற விவாதம் தேவையில்லை. ஏதாவது ஒன்றைப் பட்டியலில் ஏற்றிவிட்டு அதையே கடைசிவரை வைத்துக்கொண்டால் போதும்.

கதைப் பெயருக்கும் அதே பட்டியல்தான். கர்ணமோட்சம், பதினெட்டாம்போர், அர்ச்சுனன்தபசு, அபிமன்யு, துகில், படுகளம், அரவான். ஒரே கதையை ஒரு ஜமா (கூத்துக் குழு) ‘துகிலுரிதல்’ என்றும் இன்னொரு ஜமா ‘வஸ்திராபரணம்’ என்றும் நோட்டீசில் போடும். ஃபைல் பெயரில் ஒரே குறி இருக்கட்டும். நோட்டீசில் இருந்த பெயரைக் குறிப்பு ஃபைலில் அப்படியே எழுதுங்கள்.

ஐந்தாவது பகுதி எதில் பதிவானது என்பது: கேமராவுக்கு கே1, கே2, ஒலிப்பதிவுக் கருவிக்கு ஒ1, போனுக்கு போ1. ஆறாவது வரிசை எண், மூன்று இலக்கம், 001 முதல். முன்னால் சுழியம் இல்லாமல் 1, 2, 10 என்று வைத்தால் விண்டோஸ் ஃபோல்டரில் ஒழுங்காகத்தான் தெரியும். பென்டிரைவை டிவியில் செருகினால் 1, 10, 11, 2 என்று வர வாய்ப்பு அதிகம். ஊர்க்காரர்கள் பார்ப்பது டிவியில்தான்.

ஏழாவது, நிலை. அசல் என்றால் கேமராவிலிருந்து வந்தது, யாரும் கைவைக்காதது. வெளி1, வெளி2 என்றால் தொகுத்து வெளியே கொடுத்தது, பின்னால் இருப்பது பதிப்பு எண். உள் என்றால் வெளியே கொடுக்கக் கூடாதது. இந்த ‘உள்’ முக்கியம். ஒப்பனை அறையில் கட்டை (மர அணிகலன்) கட்டும்போது எடுத்தது, ஆட்டத்தின் நடுவே ஒருவருக்குச் சாமி வந்து விழுந்தது, வாத்தியார் தன் பாட்டு நோட்டைக் காட்டியது, இவையெல்லாம் ஆவணமாக இருக்க வேண்டியவைதான். ஆனால் ஜமா சரி என்று சொல்லாமல் இணையத்துக்குப் போகக் கூடாது. பெயரிலேயே அது இருந்தால், ஏற்றுகிறவர் யாராக இருந்தாலும் கண்ணில் படும்.

தொகுத்த முழுக் கூத்தின் பெயர் இப்படி வரும்:

20250517_29_பாலக்கோடு_கர்ணமோட்சம்_தொ_000_வெளி2-கூப

தொ என்றால் தொகுத்தது, 000 என்றால் முழுசு. காட்சி காட்சியாக வெட்டினால் 001 கடவுள் வாழ்த்து, 002 கட்டியங்காரன் வரவு, 003 கர்ணன் தர்பார் என்று போகும். எந்த எண் எந்தக் காட்சி என்பது குறிப்பு ஃபைலில். கர்ணன் தன் மனைவி பொன்னுருவியோடு நடத்தும் வாதத்தை மட்டும் பார்க்க விரும்புகிறவர்தான் அதிகம், அவருக்கு எட்டு மணி நேர வீடியோவைக் கொடுப்பதில் பயனில்லை.

படத்தின் அளவு, சுருக்கும் முறை இவற்றைப் பெயரில் சேர்க்கச் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சினிமாக் குழுக்களுக்கு அது தேவை. இறக்கும் முன்பே ஆள் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் ஹார்டு டிஸ்கில் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதையெல்லாம் ஃபைலுக்குள்ளிருந்தே எடுத்துச் சொல்லிவிடும். ஊரும் கதையும் எந்த மென்பொருளாலும் கண்டுபிடிக்க முடியாதவை. பெயரில் இருக்கும் சொற்ப இடம் அவற்றுக்குத்தான்.

சரி, ஏன் தமிழில் பெயர் வைக்க வேண்டாம் என்கிறேன்? இன்றைய கணினிகள் எல்லாமே தமிழ்ப் பெயரை ஏற்கும். சிக்கல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வருகிறது.

‘பாலக்கோடு’ என்பதில் உள்ள கோ-வை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் க-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம். க-வோடு இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். விண்டோசில் நாம் தட்டுவது பெரும்பாலும் சேர்ந்த வடிவம். மேக்கின் பழைய டிஸ்க் அமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ் பெயரைச் சேமிக்கும்போது பிரித்த வடிவத்துக்கு மாற்றிவிடும். எடிட்டிங் செய்பவர் மேக் வைத்திருந்து, அவரிடமிருந்து டிஸ்க் திரும்பி வந்தால், ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். தேடினால் ஒன்று கிடைக்கும், இன்னொன்று கிடைக்காது. காப்பி எடுக்கும் மென்பொருள் இரண்டையும் வேறு வேறு என்று நினைத்து எல்லாவற்றையும் மறுபடி காப்பி அடிக்கும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு. பொம்மிடி, தொப்பூர், போச்சம்பள்ளி, பாலக்கோடு எல்லாமே மாட்டும். ஓசூர் தப்பிக்கும், தனி ஓ பிரியாது.

திரௌபதி இன்னும் மோசம். சரியாக எழுதினால் ஏழு குறியீடு. ஆனால் நிறையப் பேர் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பு போட்டு, ர போட்டு, பக்கத்தில் ள என்ற முழு எழுத்தைத் தட்டுகிறார்கள்: திரெளபதி. இதில் எட்டுக் குறியீடு. மேக் பிரித்த வடிவம் மூன்றாவது வகை. உங்கள் பதிவில் பாதிக்கு மேல் இந்தப் பெயர் வரும், மூன்று விதமாகவும் வரும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது. ‘ஸ்ரீ’ என்ற எழுத்துக்கும் இப்படி இரண்டு எழுத்துமுறை உண்டு. கோவில் பெயர்களில் அதுவும் வரும்.

நீளமும் ஒரு காரணம். லினக்சின் எக்ஸ்ட்4 டிஸ்கில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். வீட்டில் வைக்கும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றில் இதுதான் இருக்கும். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ‘தெருக்கூத்து’ என்ற ஒரு சொல்லில் 12 குறியீடு, அதற்கே 36 பைட். நான் மேலே காட்டிய பெயரைத் தமிழிலேயே வைத்தால் ஐந்தில் இரண்டு பங்கு காலியாகிவிடும். விண்டோசின் பழைய கட்டுப்பாடு வேறு மாதிரி: டிரைவ் எழுத்தில் தொடங்கி ஃபோல்டர்கள், ஃபைல் பெயர் எல்லாம் சேர்த்து 260 எழுத்துக்குள் அடங்க வேண்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஐந்தாறு அடுக்கு போனால், காப்பி நடுவில் நின்று ‘பெயர் நீளம்’ என்று சொல்வது இதனால்தான். இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம்: ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் ஓர் இரவுக்கு ஒன்று.

இன்னும் சில தடைகள். முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரம், இரட்டை மேற்கோள், சாய்கோடு, நேர்கோடு, கோண அடைப்பு இவற்றை விண்டோஸ் ஏற்காது. நேரத்தை 10:30 என்று எழுத முடியாமல் போவது இதனால்தான். பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ இருந்தால் விண்டோஸ் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஒலிக்காரர்கள் மிக்சரின் ஏயூஎக்ஸ் என்ற துணை வெளியீட்டு வழியில் எடுத்ததற்கு அந்த மூன்றெழுத்தையே பெயராக வைப்பது வழக்கம். விண்டோசில் அது ஒதுக்கப்பட்ட பெயர், தனியாக அதை வைத்தால் ஃபைலே உருவாகாது. லினக்ஸ் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறாகப் பார்க்கும், விண்டோஸ் ஒன்றாகப் பார்க்கும். சின்ன எழுத்து மட்டும் என்று நான் சொன்னது அதற்காக.

அடுத்தது கருவிகள் தாங்களே வைக்கும் பெயர்கள். இவற்றை நம்பி வரிசை போட்டால் கதை முன்னுக்குப் பின்னாகிவிடும்.

கோப்ரோ கேமராவில் நீளமான பதிவு பல துண்டாக உடையும். துண்டின் எண் முன்னால், பதிவின் எண் பின்னால். ஜிஎக்ஸ்010123 என்றால் 123-ஆவது பதிவின் முதல் துண்டு; அடுத்தது ஜிஎக்ஸ்020123. பெயர்வாரியாக அடுக்கினால் எல்லாப் பதிவுகளின் முதல் துண்டும் முதலில் வரும், இரண்டாம் துண்டுகள் அதற்குப் பின்னால். கடைசி நான்கு இலக்கத்தை முதலில் பார்த்து, பிறகு துண்டின் எண்ணைப் பார்த்து 001, 002 என்று போட வேண்டும்.

கூகுள் பிக்சல் போனின் ஃபைல் பெயரில் இருக்கும் நேரம் இந்திய நேரம் அல்ல, உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு 5.30 மணி பின்னால். மே 18 விடியற்காலை 2 மணிக்கு எடுத்த காட்சி, மே 17 இரவு 8.30 என்று பெயரோடு வரும். கூத்து தொடங்குவதற்கு முன்பே கர்ணன் செத்த மாதிரி வரிசை நிற்கும். வாட்ஸாப்பில் வந்த வீடியோவின் பெயரில் இருக்கும் தேதி அது வந்த நாள், எடுத்த நாள் அல்ல. எடுத்த நேரத்தின் விவரமும் உள்ளே இருக்காது, தரமும் குறைந்திருக்கும். ஊர்ப் பையன்களிடமிருந்து வாங்கும்போது போனிலிருந்து கேபிளில் அல்லது ‘டாக்குமென்ட்’ ஆக வாங்குங்கள்.

கார்டு எஃப்ஏடி32 அமைப்பில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் 11 நிமிடத்துக்குச் சற்று மேல் ஒரு துண்டு. எட்டு மணி நேரக் கூத்துக்கு ஏறக்குறைய 42 துண்டு, மொத்தம் 180 ஜிபி. ஒரு கேமராவுக்கு இந்தக் கணக்கு. ஒலியில் சாதாரண வேவ் ஃபைலுக்கும் 4 ஜிபி எல்லை உண்டு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்றால் 4 மணி நேரம் சொச்சம் தாங்கும். சில கருவிகள் 2 ஜிபியிலேயே, 2 மணி நேரத்தில், வெட்டிவிடும். கூத்துக்கு முன் எல்லாக் கருவியின் கடிகாரத்தையும் ஒரே போனைப் பார்த்து நொடிவரை சரிசெய்துவிட்டால் பிற்பாடு பாதி வேலை மிச்சம். கார்டை ஃபார்மேட் செய்தால் சில கேமராக்கள் 0001-லிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். அதை ‘தொடர்ச்சி’ என்று மாற்றும் வசதி மெனுவில் இருக்கும், மாற்றிவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கார்டில் ஒரே பெயர் இருந்து, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, ஓர் இரவே போய்விடும்.

பெயர் மாற்றும் வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதும் முக்கியம். கார்டிலேயே மாற்றாதீர்கள். பல கேமராக்கள் வீடியோவோடு சிறு விவரஃபைல் ஒன்றை இணைத்து வைத்திருக்கும். வீடியோவின் பெயரை மட்டும் மாற்றினால் அந்த இணைப்பு அறுந்து, கேமராவே அதை அடையாளம் காணாது. முதலில் கார்டை ஃபோல்டரோடு அப்படியே ஹார்டு டிஸ்குக்குக் காப்பி எடுங்கள். டெராகாப்பி போன்ற மென்பொருள் காப்பிக்குப் பின் சரிபார்க்கும். அந்த வசதியை இயக்கிவையுங்கள். பிறகு எல்லா ஃபைலுக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண் எடுத்து ஒரு எழுத்து ஃபைலில் சேமியுங்கள். ஃபைலின் பெயர் மாறினாலும் இந்த எண் மாறாது. உள்ளே ஒரு பிட் கெட்டாலும் மாறிவிடும். அதனால் பிற்காலத்தில் பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் முடிச்சுப் போட இதுவே ஆதாரம். சினிமாக் குழுக்களின் எஸ்எஃப்வி-யில் இருந்த சிஆர்சி32 எண், பெரிய சேகரிப்புக்கு இன்று போதாது.

அதன்பிறகுதான் பெயர் மாற்றம். விண்டோசில் பல்க் ரீநேம் யுடிலிட்டி அல்லது மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ். எடுத்த நேரத்தை வைத்து மாற்ற எக்ஸிஃப்டூல். எதைப் பயன்படுத்தினாலும் முன்னோட்டத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, முதலில் நாலைந்து ஃபைலின் நகலில் செய்து பாருங்கள். பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பட்டியல் ஒன்று அந்த ஃபோல்டரிலேயே இருக்கட்டும். இதெல்லாம் எடிட்டிங் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். பாதி எடிட் செய்தபின் பெயரை மாற்றினால், பிரீமியர், டாவின்சி போன்ற எடிட்டிங் மென்பொருள் எல்லாத் துண்டையும் ‘ஆஃப்லைன்’ என்று சிவப்பாகக் காட்டும். 42 துண்டை மறுபடி கோப்பது ஒரு நாள் வேலை.

பதிப்பு எண் பற்றி இன்னும் ஒன்று. ‘ஃபைனல்’ என்ற சொல்லை எந்தப் பெயரிலும் வைக்காதீர்கள். அதற்குப் பிறகு நிச்சயமாக இன்னொரு திருத்தம் வரும், ‘ஃபைனல் நியூ’ என்று பெயர் வாங்கும், எது கடைசி என்று ஆறு மாதத்துக்குப் பின் யாருக்கும் தெரியாது. முகவீணை ஒலி குறைவாக இருந்தது, கூட்டி மறுபடி வெளியிடுகிறீர்கள் என்றால் வெளி2. வெளி1-ஐ இணையத்திலிருந்து எடுத்தாலும் டிஸ்கில் வையுங்கள், என்ன கோளாறு என்று குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள். ஊரில் யாரோ ஒருவரிடம் வெளி1 இருக்கும். அவர் கேட்கும்போது பதில் சொல்ல முடியும். யூடியூபில் ஏற்றும்போது ஃபைல் பெயரே தலைப்பாக வந்து உட்காரும், அதை அழித்து முழுத் தமிழில் தலைப்பு எழுதுங்கள். குறிகளெல்லாம் உங்களுக்குத்தான், பார்ப்பவர்களுக்கு இல்லை.

தமிழ் முழுமையாக வர வேண்டிய இடம் குறிப்பு ஃபைல். ஓர் இரவுக்கு ஒன்று, சாதாரண எழுத்து ஃபைலாக, யுடிஎஃப்-8 முறையில் சேமித்து, ஃபோல்டரின் பெயரையே அதற்கும் வையுங்கள். ஜமாவின் முழுப் பெயர், வாத்தியார், யார் எந்த வேடம், மிருதங்கம் யார், ஆர்மோனியம் யார், முகவீணை யார், பின்பாட்டு யார் என்று எல்லாப் பெயரும் வர வேண்டும். கலைஞர்களின் பெயரை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள்; நோட்டீசில் வராத பெயர்கள் நிறைய இருக்கும். ஈட்ரீ ஆட்கள் போல ஒலியின் சங்கிலி ஒரு வரி: களரியின் முன் தொங்கவிட்ட மைக்கா, சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்சரிலிருந்து எடுத்ததா, பிறகு எந்தக் கருவி, எந்த அளவு. எந்த மணிக்கு மைக் மாறியது, எப்போது கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது என்பதும் இங்கேதான். கடைசியாக அனுமதி: யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார், எதைப் போட வேண்டாம் என்றார். ஜமாவுக்குப் பென்டிரைவில் கொடுக்கும்போது வீடியோவோடு இந்தக் குறிப்பையும் சேர்த்தே கொடுங்கள்.

ஊர்களில் பழைய கேசட் கிடைத்தால் அதையும் இதே சேகரிப்பில் சேர்க்கலாம். மேலட்டையில் ஆண்டு மட்டும் தெரிந்தால் மீதி நான்கு இடத்திலும் எக்ஸ் போடுங்கள்: 1994எக்ஸ்எக்ஸ்எக்ஸ்எக்ஸ். எண்ணுக்குப் பின்தான் எழுத்து வரும் என்பதால், அந்த ஆண்டின் தேதி தெரிந்த பதிவுகளுக்கெல்லாம் கடைசியில் இது போய் நிற்கும். ஊகித்து ஒரு தேதியைப் போடாதீர்கள். பத்து வருடம் கழித்து அதை எல்லோரும் உண்மை என்றே எடுத்துக்கொள்வார்கள். மாவட்டத்தில் கவனம்: கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-ல். அதற்கு முந்தைய கேசட்டில் ஓசூரும் பர்கூரும் ‘தருமபுரி மாவட்டம்’ என்றே இருக்கும். ஃபைல் பெயரில் இன்றைய எண்ணைப் போட்டு, அட்டையில் உள்ளதைக் குறிப்பில் எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம், 90-இல் 45. பக்கத்துக்கு ஒரு ஃபைல், ஐந்தாவது பகுதியில் கேசட்டின் எண்ணும் பக்கமும் சேர்த்து ‘கா1அ’, ‘கா1ஆ’. கணினிக்கு மாற்றும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஆக எடுங்கள். இடம் போதாவிட்டால் 48-க்குக் கீழே இறங்க வேண்டாம். கேசட்டின் மேலட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து, அதே பெயரில் அந்த ஃபோல்டரிலேயே வைத்துவிடுங்கள்.